கருஞ்சாவின் காரணம் பற்றிய கொள்கைகள்: ஒரு திறனாய்வு

ஐரோப்பிய வரலாற்றில் 1347 ஆம் ஆண்டு தொடக்கம் 1353 ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த பேரழிவு 'கருஞ்சாவு' என்னும் பெயரால் வழங்கப்படுகின்றது. கருங்கடற் கரையிலிருந்து வந்த வணிகக் கப்பல்களோடு 1347 இற் சிசிலித் தீவின் மெசினாத் துறைமுகத்தை அடைந்த கொள்ளைநோய், அடுத்த ஆண்டில் இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின், இங்கிலாந்து ஆகிய நாடுகளிலும், 1349 இல் நோர்வேயிலும் புகுந்து, 1353 அளவில் உருசிய நிலத்தில் ஓய்ந்தது. ஐரோப்பிய மக்களில் மூன்றிலொரு பங்கினர் முதல் அரைப்பங்கினர் வரை மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடாகும். இத்துணைப் பேரழிவை விளைத்தது யாது என்னும் வினா நோய் தோன்றிய நாளிலேயே எழுந்தது. 1894 இல் அதற்கு ஒரு விடை கிடைத்தது. 1970 இன் பின்னர் அவ்விடை ஐயுறப்பட்டது. 2011 இல் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. எனினும் வழக்கு முற்றாகத் தீர்ந்துவிட்டதென்று கூறுதற்கில்லை. இவ்விவாதத்தின் வரலாறு ஒரு நோயின் வரலாறு மட்டுமன்று; சான்று என்பது யாது, அஃது எவ்வளவு தூரம் செல்லும் என்பதன் வரலாறுமாகும்.

நோய் நிகழ்ந்த காலத்தில் வழங்கிய விளக்கங்களை முதலில் நோக்குதல் தகும். பாரிசுப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் 1348 இற் பிரெஞ்சு மன்னன் ஆறாம் பிலிப்புக்கு அளித்த அறிக்கையில், 1345 ஆம் ஆண்டிற் சனி, வியாழன், செவ்வாய் என்னும் மூன்று கோள்களும் கும்பராசியிற் கூடியமையே முதற்காரணம் என்றும், அதனாற் கெட்ட காற்று உடலினுட் புகுந்து கேடு விளைத்தது என்றும் கூறினர். பொதுமக்களுட் பலர் யூதர் கிணறுகளில் நஞ்சிட்டனர் என நம்பினர். அந்நம்பிக்கையின் விளைவாக 1349 பெப்ரவரியில் ஸ்திராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர் எரித்துக் கொல்லப்பட்டனர். காரணம் பற்றிய கொள்கை எக்காலத்தும் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்திலேயே தெளிந்த சிந்தனையும் இல்லாமற் போகவில்லை. பாப்பரசர் ஆறாம் கிளெமென்று 1348 இல் விடுத்த ஆணையில், யூதரும் பிறரைப் போலவே இந்நோயால் மடிகின்றனர் என்றும், யூதர் வாழாத இடங்களிலும் இந்நோய் பரவியுள்ளது என்றும் எடுத்துக்காட்டி அப்பழியை மறுத்தார். கிரனாடா நகரத்து அறிஞர் இப்னு அல் கதீப், நோயாளருடன் பழகியோர் நோயுறுதலையும் பழகாதோர் தப்புதலையும் கண்டு, இது தொற்றுநோயே என வாதிட்டார். இவ்விருவரும் நுணுக்குக்காட்டியைக் கண்டவரல்லர். கிருமி என்னும் பொருளை அறிந்தவருமல்லர். ஆயினும், காரணம் இல்லாத இடத்திலும் காரியம் நிகழுமாயின் அது காரணமாகாது என்னும் அளவைநெறி அவர்களிடம் இருந்தது. பின்வந்த விஞ்ஞானிகளின் கருவிகள் வளர்ந்தன, நெறி இதுவே.

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடை கிழக்கிலிருந்து வந்தது. 1894 இல் ஹொங்கொங்கிற் பிளேக்கு நோய் பரவியபோது அங்குச் சென்ற அலெக்சாந்தர் யெர்சின், இறந்தோர் உடலின் வீங்கிய நிணநீர்க் கணுக்களில் அந்நோய்க்குரிய பற்றீரியாவைக் கண்டறிந்தார். யப்பானிய அறிஞர் கிட்டசாட்டோவும் அதே காலத்தில் அங்கே ஆய்வு நடத்தினார். இன்று அக்கிருமி யெர்சினின் பெயராலேயே யெர்சினியா பெஸ்டிசு என வழங்குகின்றது. 1896 இற் பம்பாயை அடைந்த அந்நோய் பின்வந்த ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1898 இற் கராச்சியில் ஆய்வு செய்த போல் லூயி சிமோன், எலியிலிருந்து எலிக்கு நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சியே எனக் காட்டினார். முதலில் ஏற்கப்படாத இக்கூற்றைப் பம்பாயில் 1905 முதல் நடைபெற்ற ஆராய்ச்சிகள் உறுதிசெய்தன. 1914 இற் பாக்கொட், மார்ட்டின் என்னும் இருவர், கிருமி பெருகித் தெள்ளின் குடல்வாயை அடைத்துவிடுதலால், பசியால் மீண்டும் மீண்டும் கடிக்கும் தெள்ளு கிருமியைக் கடிவாயிற் கக்குகின்றது என விளக்கினர். எலி சாகும், எலியை இழந்த தெள்ளு மனிதனை நாடும், மனிதனுக்கு அரையிலும் கக்கத்திலும் வீக்கம் தோன்றும். இவ்வொழுங்கு பாடநூல்களில் நிலைபெற்றது. 1348 இன் நூலாசிரியர்களும் அரையிலும் கக்கத்திலும் தோன்றிய வீக்கங்களையே வருணித்திருந்தமையால், இரண்டும் ஒரே நோய் என்பது ஐயத்துக்கிடமற்ற முடிபாகக் கொள்ளப்பட்டது.

இம்முடிபில் ஒரு நுட்பமான குறை இருந்தது. வரலாற்றாசிரியர் நோயின் பெயரை மட்டும் பம்பாயிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. எலி, தெள்ளு, காலநிலை என்பவற்றோடு கூடிய பம்பாயின் முழுக் காட்சியையும் ஐரோப்பாவின்மேல் ஏற்றிவிட்டனர். இதனால் விளைந்த இடர்ப்பாட்டை 1970 இல் வெளிவந்த சுரூஸ்பரியின் நூல் தெளிவாகக் காட்டுகின்றது. பற்றீரியா இயலறிஞராகிய அவர், கருஞ்சாவு பிளேக்கு நோயே என ஏற்றார். ஆனால் எலியால் வரும் பிளேக்கு அத்துணைப் பேரைக் கொல்ல இயலாது எனக் கண்டு, இங்கிலாந்தில் இறந்தோர் இருபதிலொரு பங்கினரை விஞ்சியிருக்க முடியாதென முடிவுகட்டினார். ஆயர்களின் பதிவேடுகளும் பண்ணைக் கணக்குகளும் இதற்கு மாறாகச் சான்று பகர்ந்தன. கொள்கைக்கு ஏற்ப இறந்தோரைக் குறைத்தல் ஆராய்ச்சி முறையன்று. எனினும், ஏற்கப்பட்ட கொள்கையும் ஏற்கப்பட்ட எண்ணிக்கையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்னும் உண்மையை அவர் நூலே வெளிப்படுத்திற்று.

மறுப்பாளர் அந்த இடைவெளியினூடாகவே புகுந்தனர். 1984 இல் விலங்கியலறிஞர் கிரேயம் துவிக், வட ஐரோப்பாவின் குளிரிற் கருநிற எலியும் அதன் தெள்ளும் வேண்டிய அளவு பெருகியிருத்தல் அரிது எனக் காட்டி, அந்திராக்சு நோயைக் காரணமாகக் கூறினார். 2001 இல் லிவர்ப்பூற் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சூசன் ஸ்கொட், கிறிஸ்தோபர் டங்கன் ஆகியோர், இது மனிதனிலிருந்து மனிதனுக்கு நேரே பரவிய ஒரு வைரசு நோய் என வாதித்தனர். 2002 இற் கிளாஸ்கோப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் சாமுவேல் கோன், நோயின் வேகம், பருவம் ஆகியன பம்பாய் நோயோடு முரண்படுவதை விரிவாக எடுத்துரைத்தார். புகைவண்டியும் நீராவிக் கப்பலும் ஓடிய காலத்திற் பிளேக்கு நோய் மெல்லவே நகர்ந்தது. 1914 இற் கொழும்பை அடைந்த அது நகரில் நிலைகொண்டதாயினும், தீவின் பிற பகுதிகளிற் பெரும்பாலும் வேரூன்றவில்லை. குதிரையும் பாய்க்கப்பலுமே இருந்த காலத்துக் கருஞ்சாவோ சில ஆண்டுகளில் ஒரு கண்டத்தையே சூழ்ந்தது. அன்றியும், எலிகள் திரளாக மடிந்தன என்னும் குறிப்பு அக்கால ஏடுகளிற் காண்டற்கரிது. எலி வாழ்ந்ததற்குச் சான்றில்லாத ஐசுலாந்திலும் 1402 இற் கொள்ளைநோய் புகுந்து பெருஞ்சேதம் விளைத்தது.

இவ்வினாக்கள் கூரியவை. ஆனால் அவற்றுக்கு மறுப்பாளர் தந்த விடைகள் அவ்வளவு வலியனவல்ல. அந்திராக்சு மனிதனிலிருந்து மனிதனுக்கு எளிதிற் பரவுவதன்று. ஆதலின் வேகம் பற்றிய இடர்ப்பாட்டை அது தீர்ப்பதற்குப் பதிலாகப் பெருக்குகின்றது. ஸ்கொட், டங்கன் ஆகியோர் நோய் வெளிப்படுமுன் உடலில் நீண்ட நாள் மறைந்திருந்தது என்பதற்கு அடக்கப் பதிவேடுகளை ஆதாரமாக்கினர். ஒரு குடும்பத்தில் இறந்தவர் அடுத்த குடும்பத்தில் இறந்தவர்க்கு நோயைக் கொடுத்தார் என முன்னரே கொண்டாலன்றி அக்கணக்கு நில்லாது. நிறுவவேண்டிய பொருளையே ஏதுவாகக் கொள்ளும் இக்குற்றம் நூலின் நடுவிடத்தில் அமைந்துள்ளது. கோன் இவ்வகையில் அடக்கமுடையவர். பிளேக்கு அன்று என்றாரேயன்றி, இன்ன நோய் எனப் பெயர் சூட்ட முற்படவில்லை.

மறுப்பாளர் அனைவர்க்கும் பொதுவான வழு ஒன்றுண்டு. தருக்க நூல் பயின்றோர் அதனை எளிதில் இனங்காண்பர். புகை உள்ளவிடத்து நெருப்புண்டு என்பது செல்லும். நெருப்பு உள்ளவிடத்தெல்லாம் புகையுண்டு என்பது செல்லாது. பழுக்கக் காய்ந்த இரும்புருண்டையில் நெருப்புண்டு, புகையில்லை. புகை தோன்ற ஈரவிறகின் சேர்க்கையும் வேண்டும். அச்சேர்க்கையை உபாதி என்பர் தருக்க நூலார். எலிச்சாவு பம்பாயிற் கண்ட புகை. அது காணப்படாமையால் ஐரோப்பாவில் நெருப்பே இல்லையென மறுப்பாளர் முடித்தனர். பழைய கொள்கையினரோ, நெருப்பு உறுதியாதலின் புகையும் இருந்தேயாகவேண்டுமெனக் காணாத எலிகளைக் கற்பித்துக்கொண்டனர். உபாதியை ஆராயாமை இருசாரார்க்கும் ஒக்கும்.

இவ்வழக்கு நூலகத்திலிருந்து இடுகாட்டுக்கு மாறியது. நோயுற்று இறந்தோரின் பல்லினுள் உறைந்த குருதியிற் கிருமியின் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ. எஞ்சியிருத்தல் கூடும் என்னும் எண்ணத்தாற் பிரெஞ்சு ஆய்வாளர், மொன்பெலியே நகரத்துப் புதைகுழியில் அதனைக் கண்டதாக 2000 இல் அறிவித்தனர். 2004 இல் வேறொரு குழுவினர் ஐரோப்பாவின் பல புதைகுழிகளைச் சார்ந்த பற்களை ஆராய்ந்து எதனையும் காணாமையால், முன்னைய முடிபு ஆய்வுகூடக் கலப்பால் விளைந்ததோ என்னும் ஐயம் எழுந்தது. அவ்வையம் பயனற்றதன்று, அதன் பின்னரே ஆய்வுமுறைகள் செம்மையுற்றன. 2010 இல் இங்கிலாந்து, பிரான்சு, யேர்மனி, இத்தாலி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் புதைகுழிகளிற் சான்று திரட்டப்பட்டது. 2011 இல் இலண்டன் கிழக்குச் சிமித்பீல்டு இடுகாட்டின் எலும்புகளிலிருந்து கிருமியின் மரபுத்தொகுதி ஏறக்குறைய முழுமையாக மீட்கப்பட்டது. அவ்விடுகாடு கருஞ்சாவில் இறந்தோர்க்கென்றே திறக்கப்பட்டது. கருஞ்சாவுக்கு முற்பட்ட மற்றோர் இலண்டன் இடுகாட்டின் எலும்புகளிலும் அதே சோதனை செய்யப்பட்டது. அங்கே கிருமி காணப்படவில்லை. காரியம் நிகழாதவிடத்திற் காரணமும் இல்லை எனக் காட்டிய இவ்வொப்பீடே அவ்வாய்வின் உயிர்நாடி. 2022 இல், கிர்கிசுத்தானின் இசிக்குல் ஏரியையடுத்த கல்லறைகளில், 1338, 1339 ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோயால் இறந்தனர் எனக் கல்லிற் பொறிக்கப்பெற்றோரின் பற்களிலும் இக்கிருமி கண்டறியப்பட்டது.

ஆகவே, கிருமி எது என்னும் வினா தீர்ந்தது. ஆனால் மறுப்பாளர் எழுப்பிய வினாக்கள் அத்துடன் தீரவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இலண்டனிற் கிடைத்த கிருமி இன்றைய கிருமியிலிருந்து மிகச் சிறிதளவே வேறுபடுகின்றது. அவ்வேறுபாடு மட்டுமே அழிவின் பெருமையை விளக்கப் போதாது. பரவிய வழி யாது என்னும் வினாவுக்கு வேறு சான்றுகள் வேண்டும். 1910, 1911 ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற நோய் இதே கிருமியால் வந்ததே. அங்கு அது நுரையீரலைப் பற்றி, மூச்சினூடாக மனிதனிலிருந்து மனிதனுக்குப் பரவியது எனப் பினாங்கிற் பிறந்த மருத்துவர் ஊ லியன் தே நிறுவினார். 1940 களில் மொரோக்கோவில் ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர், மனிதனையே பற்றி வாழும் தெள்ளும் பேனும் கிருமியைக் கடத்தலாமென வாதிட்டனர். 2018 இல் வெளியான ஒரு கணித ஆய்வு, ஐரோப்பாவின் ஒன்பது பழைய கொள்ளைநோய்களுள் ஏழின் இறப்பு நிரல், எலிவழியைக் காட்டிலும் இவ்வழியோடு நன்கு பொருந்துகின்றது எனக் கூறிற்று. பொருத்தம் நிரூபணமாகாது, ஆயினும் எலி இன்றியும் பிளேக்கு பரவுதல் கூடும் என்பது தெளிவாகின்றது.

இத்துணைப் பேர் மாண்டது ஏன் என்பது மூன்றாவது வினா. அதற்கு விடை கிருமியில் மட்டும் இல்லை, மனிதனிடத்தும் உண்டு. 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. கிழக்குச் சிமித்பீல்டின் எலும்புகளை ஆராய்ந்த சாரன் டிவிற் முதலியோர், முன்னரே நலிவுற்றிருந்தோரின் உடலிலேயே கருஞ்சாவு மிகுதியாகப் பலிகொண்டது எனக் காட்டினர். அவரவர் உடல்நலத்தைக் கருதாது நோய் எல்லோரையும் ஒருபடியாகவே கொன்றது என்னும் பழங்கருத்து இதனால் தளர்கின்றது.

இவ்வழக்கில் வென்றவர் யார் எனக் கேட்பின், பழைய கொள்கையினரே என உடனே விடை கூறலாம். ஆனால் அவர்கள் வென்றது கிருமியின் பெயரிலன்றி அதன் வழியில் அன்று. மறுப்பாளர் பெயரிற் பிழைத்தனர். எனினும் அவர்களுடைய வினாக்கள் எழுந்திராவிடில், பல்லைத் துளைத்து உண்மை காணும் முயற்சிக்கு இத்துணை ஊக்கம் பிறந்திராது. எது கிருமி, எவ்வழிப் பரவிற்று, ஏன் இத்துணை வன்மை என்னும் மூன்றும் மூன்று வினாக்கள். ஒன்றற்குரிய சான்று மற்றொன்றற்கு விடையாகாது. அவற்றை ஒன்றாக்கி மயங்கியதே நூறாண்டு விவாதத்தின் குறை. கோளையும் கிணற்றையும் குற்றஞ்சாட்டியோர் செய்ததும் இதன் கொடிய வடிவமே. வினாவைப் பிரித்து ஆராயுமுன்னரே அவர்கள் விடையைக் கையிற் கொண்டிருந்தனர். ஸ்திராஸ்பூர்க்கில் எரிந்தோரைக் காப்பதற்கு யெர்சினின் நுணுக்குக்காட்டி வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே எடுத்துரைக்கப்பட்ட எளிய ஒப்பீடு ஒன்றைச் செவிமடுக்கும் மனமே வேண்டியிருந்தது.