பழைய அரசு மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: போட்டுப் பார்த்தோம்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் தேறாது. இரணியல், திங்கள்சந்தை வட்டாரத்தில் அப்படிப்பட்ட மெஷின்கள் பல வீடுகளில் பீரோவுக்கு மேல் கிடக்கின்றன. லினக்ஸ் மின்ட் போட்டால் அவற்றைத் தூக்கிப்போட வேண்டியதில்லை என்பதே இந்தச் சோதனையின் முடிவு. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததால், லினக்ஸ் இவற்றுக்குப் புதிதும் அல்ல.

இரணியலில் சோதித்த மெஷினில் 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். போட்டது லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட இதற்கு 2029 வரை அப்டேட் உண்டு.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் உள்ள எதையும் தொடாமல் முழு டெஸ்க்டாப்பும் திறக்கும். சவுண்ட், கேமரா, டச்பேட், திரை வெளிச்சம், வைஃபை ஐந்தையும் அங்கேயே பார்த்துவிடலாம். இந்த மெஷினில் முதல் நான்கும் உடனே வேலை செய்தன. வைஃபை மட்டும் வரவில்லை.

காரணம் எளிது. பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. சில வைஃபை சிப்களுக்கு மட்டும், தயாரித்த நிறுவனத்தின் மூடிய டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். அதை இறக்க நெட் வேண்டுமே என்று திகைக்க வேண்டாம். மின்டை நிறுவிய பிறகு ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போன் நெட் கணினிக்கு வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால், அது காட்டும் டிரைவரைத் தேர்ந்தெடுப்பதுதான் பாக்கி.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பயாஸில் செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால், டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு அமைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் 'கன்டினியூ பூட்' கொடுத்தால் டிரைவர் டிஸ்கில் இருக்கும், ஆனால் இயங்காது. செக்யூர் பூட்டை ஆஃப் செய்தும் இதைத் தீர்க்கலாம்.

வேகம்? டெஸ்க்டாப் மட்டும் திறந்திருக்கையில் சுமார் ஒரு ஜிபி ராம் போகிறது. மீதியை பிரவுசர் தின்கிறது, நாலைந்து டேபுக்கு மேல் திறந்தால் மூச்சு வாங்குகிறது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டியதும் ஆள் மாறிவிட்டது. செலவழிக்க நினைப்பவர்கள் முதலில் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

தமிழ் எழுத்துகள் யூனிகோடில் சுத்தமாகத் தெரிகின்றன. ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது. இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு தடவை லாக்அவுட் ஆகி வர வேண்டும்.

பிரிண்டர் விஷயத்தில்தான் கவனம் தேவை. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் பரிச்சயமான ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேர் போக வேண்டும். ஹெச்பிஎல்ஐபி மென்பொருளோடு அதன் பிளக்-இன்னையும் சேர்த்துப் போட்டால் அது நடந்துவிடும். கேனான் எல்பிபி 2900 கேப்ட் என்ற தனி மொழியில் பேசுவதால், அதை லினக்ஸில் ஓட்டப் பொறுமை வேண்டும். பிரிண்டரே பிழைப்பு என்பவர்கள் முதலில் அதை இணைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் வைத்து டிடிபி தொழில் செய்பவர்களுக்கு இது சரிவராது. கல்லூரிப் பாடம், போட்டித் தேர்வுக்கான விண்ணப்பம், லிப்ரே ஆபீஸில் கணக்கு, யூடியூப் என்று புழங்கும் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். பழைய ஃபைல்களை வெளியே காப்பி எடுத்து வைத்துவிட்டு, இந்த வாரமே ஒரு பென்டிரைவில் மின்டை ஏற்றிப் பாருங்கள்.