புடவையும் பாதாளச் சாக்கடையும்

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்கப்போன இளைஞர்களில் நான்கு பேர் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். அங்கே இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பற்றிக் கரையேறினார்கள். மற்ற இருவர் பிழைக்கவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று தமிழக அரசு மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கியது.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2015 நவம்பரில், கோழிக்கோட்டில் நடந்தது வேறு கதை. பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர்கள் இருவர் விஷவாயுவில் மயங்கி விழுந்தார்கள். பக்கத்தில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அவர்களைத் தூக்கிவர உள்ளே இறங்கினார். மூன்று பேரும் இறந்தார்கள். கேரளமே அவருக்காக அழுதது.

முன்பின் தெரியாத ஒருவருக்காக நம் உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்த இரண்டு சம்பவங்களும் எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. ஊர் வழக்கத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பது ஒன்று. மனிதனாகப் பிறந்தவன் பார்த்துக்கொண்டு நிற்பானா என்பது மற்றொன்று. இரண்டு பதில்களும் உதவப் போனவரின் மனசை அளக்கின்றன. மனசை வைத்துப் பார்த்தால் கோழிக்கோட்டு ஓட்டுநரும் கொட்டரைப் பெண்களும் ஒரே உயரம்தான். அவர்கள் செய்த காரியம் என்ன, அது ஆபத்தில் கிடந்தவருக்கு எப்படிப் பயன்பட்டது என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். அப்படிக் கேட்பது இறந்தவரை அவமதிப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். கேட்காமல் விடுவதுதான் அடுத்த குழியில் அடுத்த ஆளைச் சாகவிடுகிறது என்பது என் எண்ணம்.

கழிவுக் குழிக்குள் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்து எச்சரிக்கும். அளவு 100 பிபிஎம்மைத் தாண்டினால் மோப்ப உணர்வே மரத்துப்போகும். மேலே நின்று எட்டிப் பார்ப்பவருக்கு நாற்றம் தெரியாது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பார். 1,000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அது அடியிலேயே தேங்கிக் கிடக்கும். விழுந்தவரைக் குனிந்து தூக்கப் போகிறவர் தன் மூக்கை அந்தத் தேக்கத்துக்குள்தான் கொண்டுபோகிறார். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், எழுபது கிலோ எடையை ஏணியில் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் மூச்சடக்க முடியும் என்று அவரைக் கேளுங்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்று, இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் நேரும் சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்கிறது. முதலில் விழுந்தவரைவிட அவருக்காக இறங்கியவர்களே அதிகம் சாகிறார்கள் என்றால், நாம் தியாகம் என்று கொண்டாடுவது பல நேரங்களில் ஒரு விபத்தின் இரண்டாம் தவணை.

இந்தப் புகழ்ச்சியில் எனக்கு இன்னொரு குறையும் தெரிகிறது. கவசமும் மூச்சுக்கருவியும் இல்லாமல் ஒரு தொழிலாளியை அந்தக் குழிக்குள் அனுப்பியது யார் என்ற கேள்வி, வீரனின் படத்துக்கு மாலை போடும் அவசரத்தில் மறைந்துபோகிறது. கையால் கழிவு அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது; குழிக்குள் ஆள் இறங்குவது நின்றபாடில்லை. அந்தப் பக்கமாகப் போகிறவரின் தைரியத்தை நம்பி ஓடும் பாதுகாப்பு ஏற்பாடு, ஏற்பாடே இல்லை.

தண்ணீரின் கணக்கும் ஏறக்குறைய இதேதான். மூழ்குகிறவர் கைக்கு எட்டுவதையெல்லாம் இறுக்கிப் பிடிப்பார்; காப்பாற்ற வந்தவரின் கழுத்தையும் சேர்த்து. நன்றாக நீந்துகிறவர்களையே தண்ணீர் கொண்டுபோவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் உயிர்காப்புப் பயிற்சியில் முதலில் கழியை நீட்டு, பிறகு கயிற்றை எறி, படகு இருந்தால் படகில் போ, வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் குதி என்று வரிசைப்படுத்திச் சொல்லித்தருகிறார்கள். கொட்டரைப் பெண்கள் அந்தப் பயிற்சிக்குப் போயிருந்தார்களா என்பது இங்கே முக்கியமில்லை. அவர்கள் செய்தது அதே பாடம். ஐந்தரை மீட்டர் துணி ஒரு கயிறு என்று அந்த நொடியில் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பலர் பார்க்க ஒரு பெண் புடவையை அவிழ்ப்பதற்கு நம் ஊரில் என்ன விலை என்பதையும் சேர்த்தே அந்தச் செயலை எடைபோட வேண்டும். அவர்கள் பணயம் வைத்தது மானம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஒன்றை. நியாயமான பணயம் அது. அதற்கு ஈடாக இரண்டு உயிர் கிடைத்தது.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. எல்லாரும் இப்படி நின்று கணக்குப் போட்டால் யார்தான் குதிப்பார்கள்? 2007 ஜனவரியில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில், வலிப்பு வந்து தண்டவாளத்தில் விழுந்த ஓர் இளைஞர்மேல் வெஸ்லி ஆட்ரி என்ற கட்டுமானத் தொழிலாளி பாய்ந்து படுத்துக்கொண்டார். ரயில் இருவருக்கும் மேலாக ஓடி நின்றது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அவருடைய இரண்டு சிறு பெண் குழந்தைகள் நடைமேடையில் நின்றிருந்தார்கள். கணக்குப் பார்த்திருந்தால் அவர் பாய்ந்திருப்பாரா?

பார்த்துவிட்டுத்தான் பாய்ந்தார். இடுக்கான இடங்களில் வேலை செய்து பழகியவன் நான், தண்டவாளத்துக்கு நடுவில் இடம் போதும் என்று கண் சொன்னது என்று அவரே பிறகு விளக்கினார். பல வருடத் தொழிலறிவு ஒரு நொடியில் போட்ட கணக்கு அது. 2018 கேரள வெள்ளத்தில் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்த மீனவர்களும் அப்படித்தான். தண்ணீர் அவர்களுக்குத் தெரிந்த தண்ணீர், படகு அவர்கள் படகு. ஆகவே இந்த மறுப்பு என் தரப்பையே வலுப்படுத்துகிறது. ஆபத்து என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒருவருக்குத் தற்கொலையாக இருப்பது இன்னொருவருக்கு அன்றாட வேலை.

வன்முறைக்கு வந்தால் எடைபோடுவது கடினமாகிறது. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். வேடிக்கை பார்த்த ஊர் என்று சென்னையே ஏச்சு வாங்கியது. நொடிக்கணக்கில் முடிந்துவிட்ட ஒரு கொலையில், அரிவாளுக்கு முன் வெறுங்கையோடு நின்றவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நிலையத்தில் அப்போது கண்காணிப்புக் கேமரா கிடையாது. அங்கிருந்தவர்களின் கண்தான் கேமரா. அரிவாளைத் தடுக்காததற்கு மன்னிப்பு உண்டு. பார்த்ததைச் சொல்லத் தயங்கியிருந்தால் அதற்குக் கிடையாது. சாட்சிகளுக்கான பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது 2018 டிசம்பரில்தான் என்பதையும் மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

கூட்டம் என்றாலே கைகட்டி நிற்கும் என்ற நம்பிக்கையும் ஆராயத் தக்கது. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதிய நியூயார்க் டைம்ஸ், அந்தச் செய்தியில் பிழைகள் இருந்ததை 2016இல் ஒப்புக்கொண்டது. முழுத் தாக்குதலையும் பார்த்தவர் யாரும் இல்லை. ஓர் அண்டைவீட்டுப் பெண் ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைக் கைகளில் ஏந்தியிருந்தார். அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு 1968இல் டார்லி, லத்தானே என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், ஆபத்தில் தவிக்கும் ஒருவரின் குரலைத் தான் ஒருவரே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். இது ஆய்வுக்கூடத்து உண்மை. தெருவின் உண்மை வேறாக இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரங்களின் 219 தெருச் சண்டைகளைக் கேமராப் பதிவுகளில் ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது சண்டைகளில் யாராவது ஒருவர் குறுக்கிட்டிருந்தார். கூட்டம் கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடியது. மனிதர்கள் நாம் திட்டுகிற அளவுக்கு மோசமில்லை.

பிறகு ஏன் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நூறு பேர் நின்றும் ஒருவரும் தொடுவதில்லை? அங்கே வாயு இல்லை, வெள்ளம் இல்லை, அரிவாள் இல்லை. இருப்பது ஆபத்து இல்லை, தொல்லை. போலீஸ் கேள்வி கேட்கும், ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்வார்கள், கோர்ட்டுக்கு அலைய வேண்டும், வண்டி சீட் ரத்தமாகும், ஆபீசுக்கு நேரமாகும். பாவம் பார்த்தால் பழி வரும் என்று சொல்லி இத்தனையையும் உயிராபத்துக் கணக்கில் எழுதிவிடுகிறோம். என் குற்றச்சாட்டு முழுவதும் இங்கேதான் விழுகிறது. இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைச் சட்டம் நீக்கிவிட்டது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவர்களைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவுகிறவரை ‘நல்ல சமாரியர்’ என்று பெயரிட்டு, சிவில், கிரிமினல் வழக்குகளிலிருந்து பாதுகாக்கிறது. தமிழகத்தின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கிடையாது.

ஜெர்மனியிலும் பிரான்சிலும் உதவாமல் போவதே தண்டனைக்குரிய குற்றம். ஆனால் உதவினால் தனக்கு ஆபத்து என்றால் இரண்டு நாடுகளின் சட்டமும் விட்டுவிடுகிறது. அந்தக் கோடு எனக்குச் சரியாகப்படுகிறது. அந்தச் சட்டத்தை இப்போதே இங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். காவல் நிலையத்துக்குள் நுழையவே மக்கள் அஞ்சும் நாட்டில், உதவாதவரைப் பிடிக்கும் அதிகாரத்தையும் அதே நிலையத்தின் கையில் கொடுப்பது விபரீதத்தில் முடியும்.

என் தீர்ப்பு இதுதான். தொழிலறிவும் கருவியும் இல்லாதவர் குழிக்குள்ளோ வெள்ளத்திலோ இறங்கக் கடன்பட்டவர் இல்லை. இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். அப்படி இறங்கி இறந்தவரை வணங்குவோம், ஆனால் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்ட வேண்டாம். தொழிலும் கருவியும் உள்ளவர் இறங்குவது அவருடைய பெருமை. அதையும் உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் கயிறு வீசுவது, 108க்குப் போன் போடுவது, வண்டி வரும்வரை பக்கத்தில் நிற்பது, பார்த்ததைச் சொல்வது ஆகியவற்றிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. நேரமும் சட்டையும் கெடுவது ஒரு காரணமாகாது.

அடிபட்டவரை நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பெயரையும் விலாசத்தையும் கேட்டால், சொல்ல விருப்பமில்லை என்று கூறிவிட்டு நீங்கள் கிளம்பலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது.