மூன்றேகால் மணி நேர ஆட்டம்

ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டே பாடிப் பாருங்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ‘ஈராஸ்’ சுற்றுப்பயணத்துக்கு முன்னால் டெய்லர் ஸ்விஃப்ட் தினமும் அப்படி ஓடியபடியே நிகழ்ச்சியின் மொத்தப் பாடல் வரிசையையும் வாய்விட்டுப் பாடியிருக்கிறார். வேகமான பாட்டுக்கு ஓட்டம், மெதுவான பாட்டுக்கு மெல்லோட்டம் அல்லது விரைவு நடை. முதல் நிகழ்ச்சிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிய பயிற்சி அது. நடனத்துக்கென்று தனியே மூன்று மாதம். 2023இல் ‘டைம்’ இதழ் அவரை அந்த ஆண்டின் நபராகத் தேர்ந்தெடுத்தபோது அவரே பேட்டியில் சொன்ன விவரங்கள் இவை. விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பாடகியைப் பற்றி எழுத எனக்கு இது போதும்.

2023 மார்ச் 17 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் தொடங்கி, 2024 டிசம்பர் 8 அன்று வான்கூவரில் முடிந்த பயணம். மொத்தம் 149 நிகழ்ச்சிகள். ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். டிக்கெட் வசூல் 200 கோடி டாலரைத் தாண்டியது. பத்திரிகைகள் இந்த வசூலைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு எண். ஓர் இரவுக்குச் சுமார் மூன்றேகால் மணி நேரம், நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள். மறுநாளும் அதே, பல ஊர்களில் அதற்கடுத்த நாளும் அதே. நாஷ்வில்லில் இடி மின்னலால் பல மணி நேரம் தாமதமாகி, கொட்டும் மழையில் நள்ளிரவு ஒரு மணிக்கு மேலும் பாடினார். பாட்டு எதையும் குறைக்கவில்லை.

இத்தனை நேரம் தாக்குப்பிடிப்பது எப்படி? பாடல் வரிசையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 2024 மார்ச்சில் சிங்கப்பூரில் நான் பார்த்த வரிசையைச் சொல்கிறேன், ஓர் ஆல்பத்துக்கு ஒரு பகுதி. ‘லவர்’, ‘ஃபியர்லெஸ்’ என்று முதல் இரண்டு பகுதிகளும் வேகம். மூன்றாவதாக ‘எவர்மோர்’, பியானோ முன் உட்கார்ந்து நிதானமாக ஒரு பாட்டு. அடுத்து ‘ரெப்யுடேஷன்’, நிகழ்ச்சியிலேயே கடுமையான ஆட்டம் அங்கேதான். பிறகு ‘ஸ்பீக் நவ்’ சுருக்கமாக வந்து போகும். ‘ரெட்’ பகுதி துள்ளலாக ஆரம்பித்து, ‘ஆல் டூ வெல்’ பாட்டின் பத்து நிமிட வடிவத்தில் கிட்டாரும் கையுமாக ஒரே இடத்தில் நிற்பதில் முடியும். ‘ஃபோக்லோர்’ தொடங்கும்போது ஒரு மர வீட்டின் கூரைமேல் சாய்ந்து கிடப்பார். பார்ப்பவருக்கு அது அழகான காட்சி. கால்களுக்கு அது ஓய்வு. அந்த ஓய்வு முடிந்ததும் ‘1989’ ஆல்பத்தின் துள்ளல் பாட்டுகள்.

வேகம், தணிவு, மறுபடி வேகம். ஆல்பங்கள் வெளிவந்த ஆண்டு வரிசையில் இந்தப் பகுதிகள் இல்லை என்பதைப் பலர் கதைக்கோணத்தில் விளக்குகிறார்கள். உடலின் கணக்கும் அதற்குள் இருக்கிறது என்பது என் கணிப்பு. ‘க்ரூயல் சம்மர்’ பாட்டின் நடுப்பகுதியை அரங்கமே சேர்ந்து கத்திப் பாடுமே, அதுவும் அவர் மூச்சைச் சேமித்துக்கொள்ளும் இடம்தான்.

அவருடைய பாட்டுகளில் உச்சஸ்தாயியில் நின்று நீட்டும் இடங்கள் குறைவு. விட்னி ஹூஸ்டனிடம் கேட்பதை இவரிடம் கேட்க முடியாது. ஆனால் சொற்கள் ஏராளம். பேச்சின் வேகத்தில், ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியத்தை, சில சமயம் ஒரு முழுக் கதையையே சொல்லி முடிக்க வேண்டும். குரலின் எல்லையைவிட மூச்சின் அளவுதான் இங்கே சோதனை. நடந்துகொண்டும் படி ஏறிக்கொண்டும் அத்தனை சொற்களையும் தெளிவாக உச்சரிக்க வேண்டும் என்றால், ஓடிக்கொண்டே பாடிப் பழகுவதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடையாது. நடனம் இன்றும் அவருடைய பலம் இல்லை. ஆட்டக்காரர்கள் ஆட, இவர் பெரும்பாலும் நடக்கிறார். அதை மறைக்கவும் முயல்வதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது எந்த இசைப் பள்ளியாலும் அல்ல. பதின்ம வயதிலிருந்து விடாமல் கேட்டதால். எங்கள் வீட்டில் அண்ணன் ஒரே கால்பந்து ஆட்டத்தை மறுபடி மறுபடி பார்ப்பான். கோல் கணக்கு, பாஸ் கணக்கு எல்லாம் ஒப்பிப்பான். அதற்கு அறிவு என்று பெயர். நான் ஒரே பாட்டின் மூன்று மேடை வடிவங்களைக் கேட்டு, எதில் சுருதி நின்றது, எதில் நழுவியது என்று நோட்டில் எழுதினால் பைத்தியம் என்றார்கள். இரண்டும் ஒரே வேலைதான். ஒருவரை நெடுங்காலம் கவனிப்பவருக்கே அவருடைய வளர்ச்சி புரியும். பாப் பாடகியின் பின்னால் அலையும் சிறுமிகளை எள்ளி நகையாடும் எவரும் அந்தச் சிறுமிகள் எவ்வளவு கூர்ந்து கேட்கிறார்கள் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

2010 ஜனவரி 31, கிராமி விருது விழா. ‘ஃபியர்லெஸ்’ ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வான அதே இரவில், மூத்த பாடகி ஸ்டீவி நிக்ஸோடு மேடையேறி டெய்லர் பாடினார். சுருதி விலகியது, கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். அப்போது அவருக்கு வயது 20. விசிறிகளாகிய நாங்கள் அவருக்காக வாதாடினோம், ஆனால் எங்கள் காதும் பொய் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ‘ஸ்பீக் நவ்’ உலகச் சுற்றுப்பயணம் சிங்கப்பூர் உள்ளரங்கத்தில்தான் தொடங்கியது. பயணத்தின் முதல் இரவு எங்கள் ஊரில். அங்கே நான் கேட்டது உண்மையான, உணர்ச்சி ததும்பும், இன்னும் உறுதிப்படாத ஒரு குரல். வரியின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது காற்று தீர்ந்துவிடும்.

அந்தக் குரல் இந்தக் குரலானது எப்போது? என் பார்வையில் திருப்பம் 2021. முதல் ஆறு ஆல்பங்களின் மூல ஒலிப்பதிவு உரிமை 2019இல் அவருக்குச் சம்மதமில்லாமல் கைமாறியது. அதற்குப் பதிலடியாகப் பழைய ஆல்பங்களை மறுபடி பாடிப் பதிவுசெய்வது என்று முடிவெடுத்தார். 2021இலிருந்து 2023 வரை நான்கு ஆல்பங்கள் அப்படி வந்தன. இதை வணிகப் போராகவும் உரிமைப் போராகவும் எல்லோரும் பேசினார்கள். அது சரிதான், ஆனால் ஒரு பயிற்சியாளரின் கண்ணால் பாருங்கள். 18 வயதில் பாடியதை 31 வயதில், வரி வரியாக, அதே அளவில், அதே இடத்தில் மூச்செடுத்துத் திரும்பப் பாடுவது எவ்வளவு பெரிய சாதகம்! தன் பழைய தவறு ஒவ்வொன்றையும் ஒலிப்பதிவுக் கூடத்தில் நேருக்கு நேர் சந்தித்துத் திருத்தியிருக்கிறார். புதிய ‘ஃபியர்லெஸ்’ஸைப் பழையதோடு அடுத்தடுத்துக் கேட்டால், வரியின் கடைசிச் சொல் இப்போது விழாமல் நிற்பது தெரியும். (2025 மே மாதம் மூலப் பதிவுகளையும் அவரே விலைகொடுத்து மீட்டுவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று நான் அழுதேன்.)

2024 மார்ச்சில் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கத்தில் ஆறு இரவுகள். தென்கிழக்கு ஆசியாவில் வேறெந்த நாட்டுக்கும் அவர் போகவில்லை என்பதால் அண்டை நாடுகளில் முணுமுணுப்பு இருந்தது. சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகள் விமானம் ஏறி வந்தார்கள். நான் காத்திருந்தது நிகழ்ச்சியின் கடைசிக் கட்டத்துக்காக. ‘1989’ முடிந்ததும் வாத்தியக் குழு விலகும், ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள். ஒரு கிட்டாரும் பிறகு ஒரு பியானோவும் மட்டும். அன்றைக்கென்று தேர்ந்தெடுத்த, ஒவ்வோர் இரவும் மாறுகிற பாட்டுகள். கால்கள் தளர்ந்து, தொண்டை மிகவும் களைத்திருக்கும் நேரத்தில், எந்த மறைப்பும் இல்லாத இடத்தைத் தனக்குத்தானே வைத்துக்கொண்டிருக்கிறார். வரி தவறினால் அரங்கம் முழுவதற்கும் தெரியும். தவறிய இரவுகளில் நிறுத்தி, சொல்லிவிட்டு, மறுபடி பாடியிருக்கிறார். அது முடிந்து மேடைக்குள் குதித்து மறைந்து, உடை மாற்றி வந்து, ‘மிட்நைட்ஸ்’ ஆல்பத்திலிருந்து இன்னும் ஏழு பாட்டுகள். ஐந்து நாள் டெஸ்டின் கடைசிப் பகலில் புதுப் பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளரிடம் நாம் போற்றுகிற துணிச்சல் இதில் முழுதாக இருக்கிறது.

அக்கா மகள் இப்போது அவருடைய தீவிர ரசிகை. பள்ளிக்குக் கையில் மணி வளையல்களோடு போகிறாள். பத்துக்கு மேற்பட்ட ஆல்பங்களும் அவளுக்கு ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டன. எங்களைப் போல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டு காத்திருக்கும் அவசியம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாள். முதலில் 2010 கிராமி மேடையைப் பார், தோல்வியை முழுதாகப் பார் என்றேன். அடுத்து, 2021 நவம்பர் 13 அன்று ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் ‘ஆல் டூ வெல்’லின் பத்து நிமிடங்களையும் இடைவெளியில்லாமல் பாடியதைப் பார். அப்புறம் ஈராஸ் பயணத்தின் பியானோப் பாட்டுகளில் ஏதாவது ஒன்று. எந்த ஊர் என்றாலும் சரி. வரியின் கடைசிச் சொல்லை மட்டும் கவனி என்றும் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறாள். நோட்டும் எடுத்துவரச் சொன்னேன்.