கனவைக் கேட்டலும் கனவைப் படித்தலும்: ஜெரோம், மோனிக்கா கனவுகள் குறித்து

தமிழ்க் கிறித்தவர் வழக்கில் 'சொப்பனம்', 'தரிசனம்' என இரு சொற்கள் உள்ளன. செபக்கூட்டங்களில் சாட்சி சொல்வோர் முன்னதைச் சற்றே தயங்கியும் பின்னதை உறுதியோடும் ஆள்வதுண்டு. திருமணம், புலப்பெயர்வு, மருத்துவம் பற்றிய முடிவுகளும் சில வேளைகளில் ஒரு கனவின்மேல் நிறுத்தப்படுகின்றன. ஆகவே கனவை எவ்வாறு கவனிப்பது என்பது ஏட்டளவிலான வினா அன்று. அவ்வினாவை நான்காம் நூற்றாண்டின் இரு கனவுகள் வெவ்வேறு வழியில் எதிர்கொள்கின்றன.

முதலாவது, ஜெரோம் கண்டது. யூஸ்தோக்கியம் என்னும் கன்னிக்கு 384இல் எழுதிய மடலில் அதனை அவர் விவரிக்கிறார். துறவு பூண்ட பின்னரும் உரோமையில் தேடிச் சேர்த்த நூல்களை அவரால் விட இயலவில்லை. இறைவாக்கினரின் நடை அவருக்குக் கரடுமுரடாகப்பட்டது. கடுங்காய்ச்சலில் கிடந்தபோது நடுவரின் முன் இழுத்துச் செல்லப்படுகிறார். தாம் கிறித்தவர் என்கிறார். இல்லை, சிசரோவின் ஆள் எனத் தீர்ப்பு வருகிறது. கசையடி விழுகிறது. உலகியல் நூல்களை இனித் தொடுவதில்லை என ஆணையிட்டு விழிக்கிறார். அது வெறும் உறக்கம் அன்று என்பதற்குத் தோளில் இருந்த தழும்புகளையே சான்று காட்டுகிறார். தமிழ் வழக்கில் சொன்னால், சொப்பனத்தைத் தரிசனமாக உயர்த்துகிறார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் ரூபினுஸ் அந்த ஆணையை நினைவூட்டி, ஜெரோம் மீண்டும் புறச்சமய நூல்களை எடுத்தாள்வதைச் சாடினார். ஜெரோமின் மறுமொழி வியப்புக்குரியது: கனவில் செய்த ஆணை எவரைக் கட்டுப்படுத்தும்? தாம் இறந்து புதைக்கப்பட்டதாகவும் வானில் பறந்ததாகவும் எத்தனையோ முறை கனவு கண்டதுண்டே! வழக்காடலில் இது வெற்றி, ஆன்மிகத்தில் தப்பித்தல். நூல்களை விடுவதா வேண்டாமா என்பதே இரு இடத்திலும் பேச்சாகிறது. 'நீ யாருடையவன்?' என்னும் கனவின் வினா இரு இடத்திலும் கைவிடப்படுகிறது.

இதனோடு ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலும் பிணைந்துள்ளது. லேவியராகமம் 19:26இல் குறி பார்த்தல் சார்ந்த ஓர் எபிரேய வினைக்கு ஜெரோமின் இலத்தீன் பெயர்ப்பு 'கனவுகளைக் கவனித்தல்' என்று பொருள் தருகிறது. அதே வேர்ச்சொல்லை வேறிடத்தில் குறி பார்ப்போர் என்றும் அவர் பெயர்த்துள்ளார். அமெரிக்க எப்பிஸ்கோப்பல் குருவான மார்ட்டன் கெல்சி, கனவு பற்றிய தம் 1968ஆம் ஆண்டு நூலில், மேலைத் திருச்சபை கனவைப் புறக்கணித்ததற்கு இப்பெயர்ப்பையும் ஒரு காரணமாகக் காட்டினார். ஜெரோம் வேண்டுமென்றே திரித்தார் என்பதற்குச் சான்று போதாது. தமிழ்ப் புரொட்டஸ்தாந்து விவிலியம் அவ்விடத்தில் 'நாள் பார்த்தல்' என்கிறது. அதைப் படித்து வளர்ந்தவர் கனவுக்கான தடையை அங்கே காணவே மாட்டார். ஆயினும் அந்தச் சொல்லை அகற்றிவிட்டால் கனவுக்குத் தடையற்ற உரிமை கிடைத்துவிடாது. உபாகமம் 13, எரேமியா 23 ஆகியவற்றின் எச்சரிக்கைகள் எஞ்சியே நிற்கும்.

மோனிக்காவின் கனவை அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' மூன்றாம் நூலில் பதிவு செய்கிறார். மகன் மானிக்கேயரோடு திரிந்த காலம் அது. மரச்சட்டம் ஒன்றின்மேல் நின்று அழும் தாயிடம் ஒளிமிக்க இளைஞர் ஒருவர், அவள் நிற்கும் இடத்திலேயே மகனும் இருப்பதாகச் சொல்கிறார். திரும்பிப் பார்த்தால் மகன் அருகில் நிற்கிறான். கேட்ட அகுஸ்தீன், தாய் தம் பக்கம் வருவாள் என்பதே பொருள் எனத் திரித்தார். அவளோ சற்றும் தயங்காமல், அவன் இருக்கும் இடத்தில் நான் என்று சொல்லப்படவில்லை, நான் இருக்கும் இடத்தில் அவன் என்றே சொல்லப்பட்டது என்றாள். கனவைவிட இந்த மறுமொழியே தம்மை அதிகம் உலுக்கியது என்கிறார் மகன். சொற்பயிற்சி ஆசிரியரான அவரைச் சொல்லின் வரிசை அறிந்த தாய் வென்றுவிட்டாள். கனவைக் கவனித்தல் என்பது இங்கே பாடத்தைப் பிசகாமல் படித்தலாகிறது.

அதே மோனிக்கா தன் கனவுகளைத் தள்ளவும் அறிந்தவள். ஆறாம் நூலில், மகனின் திருமணம் குறித்து ஒரு காட்சி அருளுமாறு அவருடைய வேண்டுகோளின்படி இறைவனிடம் மன்றாடுகிறாள். வருபவை வெற்றுருவங்கள். அவற்றை மகனிடம் சொல்கிறாள், ஆனால் ஒரு பொருட்டாகக் கொள்ளாமல் சொல்கிறாள். இறைவன் காட்டுவதையும் தன் உள்ளம் புனைவதையும் சொல்லால் விளக்க இயலாத ஒரு சுவையால் பிரித்தறிவதாக அவள் கூறியதுண்டு. இத்தனைக்கும் அத்திருமணத்தை அவள் பெரிதும் விரும்பினாள். விருப்பத்துக்கு இசையக் கனவை வளைக்க எளிதில் முடிந்திருக்கும். பெண் பேசப்பட்டது கனவின் பெயரால் அன்று. பெண்ணுக்கு மண வயது நிரம்ப இரண்டாண்டு காத்திருப்பது என்று முடிவாயிற்று. அத்திருமணம் நடக்கவேயில்லை.