மூன்றாம் வேற்றுமைக் கடல்

மலையேற்றம், பாய்மரப் படகு, காட்டு முகாம் ஆகியவற்றின் மூலம் ‘ஆளுமை’யை உருவாக்குவதாகச் சொல்லும் சாகசக் கல்வியைக் கோடை விடுமுறைச் சமாச்சாரம் என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் சாரணர் இயக்கம், பேடன் பவல், ஏகாதிபத்தியம் என்று மூன்றே வார்த்தையில் தீர்ப்பெழுதிவிட்டு எழுந்துபோகிறார்கள். பேடன் பவல் விஷயத்தில் அது பெரும்பாலும் சரிதான். ஆனால் இந்தக் கல்விக்குக் கோட்பாட்டு முகம் தந்த கூர்ட் ஹானை அப்படிச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஹான் ஜெர்மானிய யூதர். 1920இல் சாலெம் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1932இல் பொடெம்பா கிராமத்தில் ஒரு கம்யூனிஸ்ட் தொழிலாளியை நாஜிகள் கொன்றார்கள். தண்டிக்கப்பட்ட கொலையாளிகளுக்கு ஹிட்லர் ஆதரவுத் தந்தி அடித்தார். சாலெமா ஹிட்லரா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று பழைய மாணவர்களுக்கு எழுதினார் ஹான். 1933இல் சிறை, பிறகு பிரிட்டன். ஆக, இளைஞர் முகாம் என்றாலே பாசிசம் என்கிற சூத்திரம் இங்கே செல்லாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

1941இல் வேல்ஸின் அபர்டவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளி தொடங்குகிறது. உடன் நின்றவர் ப்ளூ ஃபனல் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை வேட்டையாடிய காலம். உயிர்ப்படகில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளைஞர்கள் செத்துப்போகிறார்கள் என்பது ஹோல்ட்டின் நம்பிக்கை. அதனால் இந்தப் பயிற்சி. அது கடலுக்கான பயிற்சியாக இருப்பதைவிடக் கடலின் வழியான பயிற்சியாக இருக்கவேண்டும் என்றார் அவர்.

தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இங்கே பொறி தட்டும். கடல் நான்காம் வேற்றுமையிலிருந்து மூன்றாம் வேற்றுமைக்கு நகர்கிறது. ‘கு’ போய் ‘ஆல்’ வருகிறது. கடல் இனி கருவி. அதில் பிழைக்கிறவன், அவன் கூலி, படகின் ஓட்டை எல்லாம் வாக்கியத்திலிருந்து கழன்று விழுந்துவிடுகின்றன. மிச்சம் ஒரு இளைஞனும் அவனுடைய குணமும். சாகசக் கல்வியின் மொத்தக் கோட்பாடும் இந்த உருபு மாற்றத்தின்மேல்தான் நிற்கிறது என்பேன். கழன்று விழுந்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 1941 மே வரை, கப்பல் மூழ்கிய அன்றோடு மாலுமியின் சம்பளத்தை நிறுத்துவது பிரிட்டிஷ் வணிகக் கப்பல் கம்பெனிகள் பலவற்றில் வழக்கம். உயிர்ப்படகில் கிடந்த நாட்களுக்குக் கூலி கிடையாது.

ஹானுக்கு உந்துதல் தந்தவற்றில் ஒன்று வில்லியம் ஜேம்ஸின் 1910ஆம் ஆண்டுக் கட்டுரை. போர் வேண்டாம், போர் வளர்க்கும் துணிவு மட்டும் வேண்டும், என்ன செய்யலாம்? பணக்கார வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயமாக நிலக்கரிச் சுரங்கத்துக்கும், டிசம்பர் குளிரில் மீன்பிடிப் படகுக்கும், பாத்திரம் கழுவவும், ஜன்னல் துடைக்கவும், சாலை போடவும் அனுப்புங்கள் என்கிறார் ஜேம்ஸ். இயற்கையை எதிரிப்படையாகப் பார்க்கிற பார்வை அவரிடமும் உண்டு. ஏற்கெனவே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவள் என்ன கற்றாள் என்று அவரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் உழைப்பு உழைப்பாகவே இருக்கிறது. ஹானின் வழியில் சுரங்கம் மலையுச்சியாகிறது. மீன்பிடிப் படகு மீன் பிடிக்காத படகாகிறது. (கடலோர மீட்புப் பணி, தீயணைப்பு என்று சேவையை அவர் வற்புறுத்தியதை மறைக்கக்கூடாது. இன்றைய முகாம்களில் அதைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.)

பிறகு இது அமெரிக்காவுக்குப் போனது. 1976இல் வால்ஷ், கோலின்ஸ் என்ற இருவர் இதை ஒரு மாதிரியாக வகுத்தார்கள். கற்பவரை அந்நியமான இயற்கைச் சூழலில் சிறு குழுவோடு வை. தீர்க்கக்கூடிய சிக்கல்களைக் கொடு. மனம் தடுமாறும், சமாளித்துத் தேறும், தன்னைப் பற்றிய புரிதல் மாறும். கச்சிதம்தான். அந்த ‘அந்நியமான’ என்ற சொல்லுக்குள்தான் வர்க்கம் ஒளிந்திருக்கிறது. யாருக்கு அந்நியம்? விடியுமுன் கட்டுமரம் தள்ளுகிறவனுக்குக் கடல் அந்நியமல்ல. நீலகிரியில் தேனெடுக்கப் பாறையில் இறங்கும் குறும்பருக்குப் பாறை அந்நியமல்ல. கோட்பாட்டின்படி அவர்கள் அங்கே கற்க ஒன்றுமில்லை. கூலிக்கு வழிகாட்டியாக வரலாம். கற்கிற தன்னிலையாக வரமுடியாது.

இன்று கம்பெனிகள் மேலாளர்களைக் குன்றுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டி இறக்கிவிட்டு, மாலையில் வட்டமாக உட்காரவைத்து என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்கின்றன. அந்தக் கம்பெனிக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவரை யாரும் உட்காரவைத்துக் கேட்பதில்லை.

நாம் மட்டும் என்னவாம்? கிராமத்துக்குப் போய் அனுபவம் பெற்றுவா என்று மாணவத் தோழரை அனுப்பும்போது நாமும் மூன்றாம் வேற்றுமையில்தான் பேசுகிறோம். கிராமத்தால் தோழர் உருவாகிறார். கிராமம் என்ன ஆயிற்று என்பது அறிக்கையில் வராது.

அனுபவம், அசைபோடல், கருத்தாக்கம், செய்துபார்த்தல் என்று 1984இல் கோல்ப் ஒரு சுழல் வரைந்தார். அதை அபர்டவி மாணவர்களைவிட ஹோல்ட்டின் கப்பல்களில் ஏராளமாக வேலை செய்த சீன மாலுமிகளுக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றுகிறது. அதே டார்பிடோ, அதே அட்லாண்டிக். சம்பளமும் போர்ப்படியும் மட்டும் வெள்ளையருக்கு வேறு. 1942இல் லிவர்பூலில் சீன மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வும் போர்ப்படியும் ஒப்புக்கொள்ளப்பட்டன. போர் முடிந்ததும், 1945-46இல், பிரிட்டிஷ் அரசு அவர்களில் நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துக் கப்பலேற்றி அனுப்பியது. லிவர்பூலில் மனைவி பிள்ளைகளோடு இருந்தவர்களையும் சேர்த்துத்தான்.