16 பவுண்டு ஸ்பிரிங்

கோல்ட் 1911 பிஸ்டலின் குழலுக்கு அடியில், ஸ்லைடு மறைத்த இடத்தில் ஒரு சுருள் ஸ்பிரிங் படுத்திருக்கிறது. தோட்டா வெடித்ததும் பின்னால் பாயும் ஸ்லைடின் வேகத்தை வாங்கிக்கொள்வது அது. வாங்கிய விசையைக் கொண்டே ஸ்லைடை முன்னே தள்ளி, மேகசினின் வாயிலிருந்து அடுத்த தோட்டாவை உருவி, அறைக்குள் செலுத்திப் பூட்டுவதும் அதுதான். உதைப்பைத் தாங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஸ்பிரிங்கின் தரமோ திரும்பி வருவதில்தான் தெரியும்.

வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங், அமெரிக்காவின் யூட்டாவில் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தவரின் மகன். இந்த ஸ்பிரிங்கை எங்கே வைப்பது என்பதில் அவர் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை செய்த 1900 மாடலில் அது குழலுக்கு மேலே இருந்தது. சுடும் ஊசியை முன்னே தள்ளும் வேலையையும் சேர்த்துப் பார்த்தது. 1910 மாடலில் குழலையே சுற்றிக்கொண்டது. 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டலில் குழலுக்குக் கீழே இருந்தது. அவர் முன்பே சில மாடல்களில் பழகிப் பார்த்த இடம்தான். இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங் இருப்பதும் அங்கேதான்.

1911இன் அமைப்பில் ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்க விரல்கணு நீளத்துக்கு ஒரு தண்டு. முன்முனையைக் கவிழ்த்து மூட, கிண்ணம் போன்ற ஒரு மூடி. அவ்வளவுதான். கழற்றும்போது மேகசினை எடுத்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, மூடியைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திப் பிடித்தபடி குழல்முனையைச் சுற்றியிருக்கும் புஷிங் வளையத்தைத் திருப்ப வேண்டும். புஷிங் விலகியதும் மூடி வெளியே வரத் துடிக்கும். விரல் வழுக்கினால் அது கூரையைப் பார்க்கப் பறந்துவிடும். முதல் முறை கழற்றியவர்களில் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடாதவர்கள் குறைவு.

இந்தக் குட்டைத் தண்டை எடுத்துவிட்டு, மூடியைத் துளைத்துக்கொண்டு குழல்முனைவரை போகும் முழுநீளத் தண்டு போடும் வழக்கம் போட்டிச் சுடுநர்களிடமிருந்து பரவியது. ஸ்பிரிங் மடங்காமல் நேராக ஓடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் ஸ்பிரிங்கை ஏற்கெனவே மூடி வெளிப்பக்கமாக அணைத்திருக்கிறது, மடங்க இடமேது? தண்டு இரண்டு துண்டாக இருந்தால், கழற்ற ஆலன் சாவி தேடவேண்டும். சுடச்சுடத் திருகு தளர்வதும் உண்டு. எஃகுத் தண்டு என்றால் பெரும்பாலும் அலங்காரம்தான். டங்ஸ்டன் தண்டின் கதை வேறு. எஃகைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தி கொண்ட உலோகம் அது. அந்தக் கனம் குழல்முனைக்கு அடியில் அமரும்போது, முனை மேலே எழுவது குறைவதைக் கை உணரும்.

ஸ்பிரிங்கின் எண்ணுக்கு வருவோம். 5 அங்குலக் குழல் கொண்ட .45 பிஸ்டலுக்கு 16 பவுண்டு என்பது வழக்கமான அளவு. ஸ்லைடு முழுதும் பின்னால் போய் நிற்கும்போது ஸ்பிரிங் காட்டும் விசை அது. மூடிய நிலையில் அதைவிடக் குறைவு. குழல் 4.25 அங்குலமாகக் குறுகும் கமாண்டர் மாடலுக்கு 18 பவுண்டு. ஸ்லைடின் எடை குறைவதால் அது இன்னும் வேகமாகப் பாயும் என்பதே காரணம். மருந்து குறைத்து நிரப்பிய இலக்குத் தோட்டாக்களுக்கு 12 பவுண்டு அளவுக்கு இறங்குவார்கள்.

கடினமான ஸ்பிரிங் போட்டால் உதைப்பு அடங்கும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. பின்னால் வரும் அடி மென்மையாகலாம். ஆனால் அதே ஸ்பிரிங் ஸ்லைடை முன்னே அறைந்து மூடும்போது முனை கீழே குனியும். குறி மறுபடி இலக்கில் அமரத் தாமதமாகும். இன்னும் கடினமானால் ஸ்லைடு முழுதும் பின்வாங்காது. காலி உறை வாசலிலேயே புகைபோக்கி போல நிமிர்ந்து சிக்கும். மிக மெலிந்த ஸ்பிரிங் என்றால் ஸ்லைடு ஃபிரேமில் மோதும், உறைகள் எங்கோ போய் விழும், அழுக்கு சேர்ந்த நாளில் அறை முழுதாக மூடாது. பழகியவர்கள் தரையைப் பார்த்தே கணக்குச் சொல்லிவிடுவார்கள். சுடுபவரின் வலப்பக்கம், சற்றுப் பின்னால், ஆறேழு அடியில் உறைகள் ஒரே இடத்தில் குவிந்தால் ஸ்பிரிங்கும் தோட்டாவும் ஒத்துப்போகின்றன. உயர்த்தப்பட்ட குறி கிளம்பிய இடத்துக்கே தானாக வந்து அமர்வது அதைவிட நல்ல சாட்சி.

1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் 17, இந்த விளையாட்டுக்கு ஒரு எல்லை போட்டது. அதன் பிந்தைய வடிவங்களில் ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் தண்டும் பிரியாத ஒரே துண்டு, எதுவும் பறக்காது. ஆனால் அதன் ஊசியைத் தள்ளும் ஸ்பிரிங் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மெலிந்த ஸ்பிரிங் மாட்டினால் அறை மயிரிழை திறந்துகொள்ளும். காலித் துப்பாக்கியை முனை மேலாகப் பிடித்து, சுடும் விசையை அழுத்தியபடி ஸ்லைடை மெல்ல விட்டுப் பார்ப்பது இதற்கான சோதனை. ஸ்லைடு முழுதாக ஏறி மூடாவிட்டால் அந்த ஸ்பிரிங் ஆகாது. 2010இல் வந்த நான்காம் தலைமுறைக் கிளாக்கில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகள். அதையும் மறு ஆண்டே திருத்தி, வாங்கியவர்களுக்கு மாற்றிக் கொடுத்தது நிறுவனம்.

ஸ்பிரிங் ஒடிவது அரிது, சோர்வதுதான் வழக்கம். 1911க்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை சுட்டதும் புதிதுபோடச் சொல்வார்கள். எண்ணி வைக்காதவர்கள் பழையதைப் புதியதன் பக்கத்தில் கிடத்திப் பார்க்கலாம். சில சுற்று நீளம் குட்டையாகத் தெரிந்தால் எண்ணெய் போட்டுப் பயனில்லை, மாற்றிவிட வேண்டியதுதான். பிஸ்டலிலேயே விலை மலிந்த பாகங்களில் ஒன்று அது.