பரணி பாடிய குலமும் பாடாத மன்னனும்

டெங்கிலாயினும் கிள்ளானாயினும், கலிங்கத்துப் பரணியைக் கற்பிக்கும் தமிழாசிரியர் அதனை முதற் குலோத்துங்கனின் வரலாறாகவும் உரைத்தல் இயல்பே. ஆயின் சயங்கொண்டார் கூறுவன எல்லாம் வரலாறாகுமா என்பது ஆராயத்தக்கது.

குலோத்துங்கனின் மரபு ஐயத்திற்கு இடமில்லாதது. முதல் இராசராசனின் மகள் குந்தவை, வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன், முதல் இராசேந்திரனின் மகள் அம்மங்கை தேவியை மணந்தான். இவ்விருவர்க்கும் பிறந்தவனே குலோத்துங்கன். இவனும் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். தந்தை வழியில் சாளுக்கியன். தாய் வழியிலும் பாட்டி வழியிலும் மனைவி வழியிலும் சோழ உறவினன்.

இம்மரபைப் புலவர் கையாளும் திறம் நோக்கற்குரியது. ‘இராச பாரம்பரியம்’ என்னும் பகுதி திருமாலிற் தொடங்கி, கதிரவன் வழியே சோழர் குலத்தையே விரித்துரைக்கிறது. தந்தையின் திங்கட்குலம் ‘அவதார’த்தில் சுருங்கிய அளவிலேயே இடம்பெறுகிறது. குலோத்துங்கனின் மகன் வீரசோடன் வேங்கியில் வெளியிட்ட செப்பேடோ திங்கள் வழியாகவே குலமுறை கிளத்துகிறது. மன்னன் ஒருவனே, காவிரிக்கரையில் அவன் ஞாயிற்றின் மகன், கோதாவரிக்கரையில் திங்களின் மகன்.

குலமுறை பாடுதல் புகழ்நூல்களின் பொது மரபன்றோ எனின், உண்மையே. ஆயினும் கங்கைகொண்ட சோழனின் தேவி குழந்தையைக் கையில் ஏந்தி, இவன் எம் குலத்துக்கு மகனாகத் தக்கவன் என மகிழ்ந்ததாகக் கூறும் காட்சி வெறும் மரபன்று. மகள் வயிற்றுப் பேரனை மகன் நிலைக்கு உயர்த்தும் முயற்சி அது. உரிமை ஐயமற்றதாயின் இம்முயற்சிக்குத் தேவை என்ன?

விடை, புலவர் கூறாது விட்டதில் உள்ளது. கி.பி. 1070-இல் வீரராசேந்திரன் இறந்தபின் அவன் மகன் அதிராசேந்திரன் அரசெய்தினான். அவன் பெயரால் கல்வெட்டுகள் உள்ளன. பரணியிலோ அவன் பெயரே இல்லை. மன்னன் இறந்தான், வேள்வி குன்றியது, மனுநெறி பிறழ்ந்தது, வடதிசை சென்றிருந்த அபயன் வந்து காத்தான் என்பதே புலவர் கூற்று.

வீரராசேந்திரனின் மருமகனான மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்கணர் வேறு கூறுவார்: தம் அரசன் மைத்துனனைச் சோழ அரியணையில் இருத்தி மீண்டான், சின்னாட்களில் அம்மைத்துனன் கலகத்தில் மாண்டான், வேங்கி மன்னன் அரசைக் கைக்கொண்டான் என்று. இவரும் நடுவர் அல்லர்; பகைவனின் அவைப்புலவரே. அதிராசேந்திரன் நோயால் இறந்தான் என்பாரும், குலோத்துங்கனின் சூழ்ச்சியை ஐயுறுவாரும் ஆராய்ச்சியாளரிடை உளர். கொலைப்பழி சுமத்தச் சான்று போதாது. ஆனால் முறைப்படி வந்த வாரிசு எனப் பரணியை மட்டும் கொண்டு துணிதலும் பொருந்தாது.

பிற நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. நடுநிலக்கடல் தீவான சிசிலியின் அரசைச் செருமானியப் பேரரசனின் மகன் இரண்டாம் பிரடெரிக்கு, தாய் கான்சுதன்சாவின் வழியே பெற்று 1198-இல் முடிசூடினான். அவன் தந்தையைப் புகழ்ந்த புலவர் பியெத்ரோ, இடையில் ஆண்ட தாங்கிரெடை இழித்துப் பாடினார். அங்கே இகழ்ச்சி செய்த பணியை இங்கே மௌனம் செய்தது.

குலோத்துங்கனின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. ஏறத்தாழ ஐம்பதாண்டு ஆண்டான். 1086-இல் நிலம் அளப்பித்தான். ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான். கடாரத்து அரசனின் தூதர் வேண்ட, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தின் ஊர்களுக்கு 1090-இல் வரிச்சலுகை வழங்கினான். அக்கடாரம் இந்நாட்டுக் கெடாவே. அவன் புகழுக்கு இச்செயல்களே சான்று, குலமுறை அன்று.

பரணியைச் சுவைத்துக் கற்பிக்க வேண்டும். அதனோடு, புலவர் யாரைப் பாடினார் என்பதுடன் யாரைப் பாடாது விட்டார் என்பதையும் மாணவரைக் கேட்கச் செய்தல் வேண்டும்.